ஜவளகிரியில் 6 ஓட்டு, ஓசூரில் 3 ஓட்டு, ஹாஸ்டலில் எத்தனை?

சட்டமன்றத் தேர்தல் நெருங்க நெருங்க, நம்மோட தங்கிப் படிக்கிற வெளிநாட்டு நண்பர்களின் கேள்விகளும் கூடிக்கிட்டே போகுது. "இப்ப வரப்போறது மோடிக்கான தேர்தலா?" "முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் ஏன் தனித்தனியா ஓட்டு?" இதுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொல்லிடலாம். ஒருத்தர் கேட்டது மட்டும் எல்லாரையும் நிறுத்திடுச்சு: "இந்தியாவோட பிரசிடென்ட் டெல்லியில இருக்காங்கன்னு படிச்சேன். ஆனா இங்க ஊருக்கு ஊர் ஒரு பிரசிடென்ட் இருக்காரே, மொத்தம் எத்தனை பேர்?"

சிரிப்பு வந்தாலும் கேள்வி சரியானது. நம்ம ஊர்ப் பக்கம் ஊராட்சி மன்றத் தலைவரை யாரும் அப்படி முழுசா கூப்பிடுறதில்லை, 'பிரசிடென்ட்'தான். அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 12,500 பிரசிடென்ட் பதவி இருக்கு! நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே 333 ஊராட்சிகள்.

அந்த நண்பர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனா நம்மில் பலருக்கும் இதில் பாதி விஷயம் புதுசா இருக்கும்னு தோணுது.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

தளி ஒன்றியத்தில் இருக்கிற ஜவளகிரியில் 18 வயசு நிரம்பிய ஒரு வாக்காளரை எடுத்துக்குங்க. எல்லாத் தேர்தலும் காலத்தோட நடந்தா, 5 வருஷத்தில் அவர் போட வேண்டிய ஓட்டு எத்தனை?

நாடாளுமன்றத்துக்கு 1. சட்டமன்றத்துக்கு 1. அதுக்கப்புறம் உள்ளாட்சி: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 1, ஊராட்சித் தலைவருக்கு 1, ஒன்றிய வார்டு உறுப்பினருக்கு 1, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 1. மொத்தம் 6.

அவரோட அக்கா கல்யாணம் ஆகி ஓசூர் மாநகராட்சிக்குள் குடியிருந்தா? நாடாளுமன்றம் 1, சட்டமன்றம் 1, வார்டு கவுன்சிலர் 1. மொத்தம் 3. மேயருக்கு மக்கள் நேரா ஓட்டு போடுறதில்லை. ஓசூரின் 45 வார்டு கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் மாதிரி பேரூராட்சிகளிலும் இதே 3 ஓட்டுதான்.

ஊர் சின்னதாக ஆக ஓட்டு கூடுது. இது பலருக்கும் நம்ப முடியாத விஷயம். நேபாளத்தில் இருந்து வந்த நண்பர்களுக்கு மட்டும் ஆச்சரியம் இருக்காது. அங்கே 2022 உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 7 ஓட்டு: மேயர், துணை மேயர், வார்டுத் தலைவர், அது போக 4 வார்டு உறுப்பினர்கள்.

எந்த ஓட்டு எதுக்கு?

இதை மூணு ரோட்டை வெச்சு ஈசியா சொல்லிடலாம்.

ஜவளகிரிக்குள் இருக்கிற ஒரு தெரு. அந்தத் தெருவிளக்கு எரியலைன்னாலும், குடிதண்ணி வரலைன்னாலும், சாக்கடை அடைச்சாலும் பொறுப்பு ஊராட்சி. தெருவை விட்டு வெளியே வந்து தளி, ஓசூர் பக்கம் பஸ் ஏறினா அந்தப் பெரிய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையோடது. நீங்க ஏறின அரசுப் பேருந்தும் மாநிலத்தோடது, அதனால சட்டமன்றத் தேர்தல். ஓசூரைத் தொட்டதும் குறுக்கே போகுதே தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது, அது மத்திய அரசு. அதுக்கு நாடாளுமன்றத் தேர்தல்.

காலையில் கிளம்பி காலேஜ் வந்து சேர்றதுக்குள்ள மூணு அரசாங்கத்தைத் தாண்டி வர்றோம்.

எல்லாமே இப்படிச் சுத்தமா பிரிஞ்சு இருக்காது. ஜவளகிரி காட்டை ஒட்டின ஊர். பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்து ராகிக் கொல்லையில் இறங்கினா, இழப்பீட்டுக்கு மனு கொடுக்க வேண்டியது மாநில வனத்துறையிடம். ஆனா 1976-ல் வந்த 42-வது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அப்புறம் காடும் வன உயிர்களும் பொதுப்பட்டியலில் இருக்கு, அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம். யானை மாநில எல்லை பார்த்து நடக்காதுங்கிறதால கர்நாடக வனத்துறையும் இதில் வந்துடும்.

ஓசூர் விமான நிலையம் இன்னொரு உதாரணம். 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிச்சார். ஆனா அனுமதி கொடுக்க வேண்டியது மத்திய அரசு. பெங்களூரு விமான நிலையத்தோட மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 2033 வரைக்கும் இன்னொரு பெரிய விமான நிலையம் வரக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை இருக்கு. அதனால மேடையில் ஒருத்தர் "நான் கொண்டு வருவேன்"னு சொன்னா, அது அவர் நிக்கிற தேர்தலுக்கு உட்பட்ட விஷயமான்னு முதல்ல பார்க்கணும். பாதி வாக்குறுதிகளை இந்த ஒரு கேள்வியிலேயே எடை போட்டுடலாம்.

பிரதமருக்கு யார் ஓட்டு போடுறாங்க?

நேரா யாரும் போடுறதில்லை. நைஜீரியாவிலோ இலங்கையிலோ அதிபர் பேரைப் பார்த்து மக்கள் ஓட்டு போடுவாங்க. இங்கே அப்படிக் கிடையாது. நாடு முழுக்க 543 மக்களவைத் தொகுதி, அதில் தமிழ்நாட்டுக்கு 39. தளி, ஓசூர், வேப்பனஹள்ளி, கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதி. ஜவளகிரிக்காரர் தன் தொகுதிக்கு ஒரு எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார். 272 எம்.பி.க்களோட ஆதரவு யாருக்கு இருக்கோ அவர் பிரதமர். மாநிலத்திலும் இதே கதைதான்: 234 எம்.எல்.ஏ.க்கள், 118 பேர் ஆதரவு இருந்தா முதலமைச்சர்.

தொகுதியில் ஜெயிக்க 50 சதவீதம் வாங்கணும்னு அவசியம் இல்லை. மத்தவங்களை விட ஒரு ஓட்டு கூட வாங்கினா போதும். 2024-ல் கிருஷ்ணகிரியில் காங்கிரஸ் வேட்பாளர் கே.கோபிநாத் ஜெயிச்சார். வித்தியாசம் 1,90,000-க்கும் மேல. ஆனாலும் பதிவான ஓட்டில் அவர் வாங்கினது பாதிக்குக் குறைவுதான், மீதி ஓட்டு பல பேருக்குப் பிரிஞ்சு போச்சு. பூட்டானில் இருந்து வந்தவங்களுக்கு இது விநோதமா இருக்கும். அங்கே முதல் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடிச்ச கட்சிகள் மட்டும்தான் அடுத்த சுற்றுக்குப் போகும்.

இவர் நாடாளுமன்றத்தில் தெலுங்கில் பதவிப் பிரமாணம் எடுத்தது அப்ப பெரிய பேச்சாச்சு. நம்ம எல்லைப் பகுதிக்காரங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில் கேட்கும். பிரசார வண்டியும் தெருவுக்குத் தெரு பாஷையை மாத்திக்கும்.

"லட்சக்கணக்கில் வித்தியாசம் வருதுன்னா என் ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு?"ன்னு கேட்கிறவங்களுக்கு பக்கத்துத் தொகுதியே பதில். 2021-ல் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் அசோக்குமார் தி.மு.க. வேட்பாளரை ஜெயிச்சது வெறும் 794 ஓட்டில். அதே வருஷம் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஒரு ஹாஸ்டல் பிளாக்கில் இருக்கிற ஆட்களை எண்ணிப் பாருங்க.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஏன் வேற தேதி?

2024 மக்களவைத் தேர்தல் 7 கட்டமா நடந்தது. தமிழ்நாடு முழுக்க ஏப்ரல் 19. நம்ம பக்கத்து பெங்களூரு ஊரகத் தொகுதியில் ஏப்ரல் 26. அத்திப்பள்ளியில் குடியிருந்து ஓசூரில் வேலை பார்க்கிறவருக்கும், ஓசூரில் இருந்து பெங்களூருக்குப் போய் வர்றவருக்கும் ஒரு வாரம் இடைவெளி. பாதுகாப்புப் படையையும் அலுவலர்களையும் இடம் மாத்தி மாத்திப் பயன்படுத்தணுங்கிறதால இப்படிக் கட்டம் கட்டமா வைக்கிறாங்க.

அப்ப ஒருத்தர் ரெண்டு பக்கமும் போட்டுட்டா? அதுக்குத்தான் இடது ஆள்காட்டி விரலில் மை. வெள்ளி நைட்ரேட் கலந்தது, தோலில் பட்டு வெளிச்சமும் பட்டா கருத்துப் போயிடும், கழுவினா போகாது. நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரைக்கும் நிக்கும். 1962 தேர்தலில் இருந்து இதைச் செஞ்சு கொடுக்கிறது மைசூரில் இருக்கிற கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ். ஓட்டு மெஷினும் தூரத்தில் இருந்து வரலை. அதைச் செய்யுற ரெண்டு பொதுத்துறை நிறுவனங்களில் ஒண்ணு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், இன்னொண்ணு ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. பட்டனை அழுத்தினதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும், அப்புறம் உள்ளே விழுந்துடும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுக்கிற 5 வாக்குச்சாவடிகளில் இந்தச் சீட்டை எண்ணி மெஷின் கணக்கோட சரி பார்க்கணும். இது 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஊர்த் தேர்தல்: நாலு கலர் சீட்டு

இனி அந்த 'பிரசிடென்ட்' விஷயத்துக்கு வருவோம்.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலை நடத்துறது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துறது மாநிலத் தேர்தல் ஆணையம். பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் தனி அமைப்பு. நம்ம கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியா நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். அதில் மெஷின் இல்லை, வாக்குச்சீட்டுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலிலும் முத்திரை குத்தி மடிச்சுப் பெட்டியில் போடணும். எண்ணும்போது முதல்ல கலர் வாரியா பிரிக்கவே நேரம் ஆகும். 2020 ஜனவரி 2-ல் தொடங்கின எண்ணிக்கை பல இடங்களில் அடுத்த நாளும் நீண்டது.

இந்த நாலில் முதல் ரெண்டு, அதாவது வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும், கட்சி சார்பற்ற தேர்தல். உதயசூரியன், இரட்டை இலை எதுவும் சீட்டில் இருக்காது, பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னம்தான். நிக்கிறவர் எந்தக் கட்சின்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும்ங்கிறது வேற விஷயம். ஒன்றியமும் மாவட்டமும் கட்சிச் சின்னத்தில் நடக்கும். அவற்றின் தலைவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பாங்க.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கு மக்கள் நேரா ஓட்டு போடுறாங்க. காட்டைத் தாண்டி கர்நாடகத்துக்குள் போனா அங்கே மக்கள் உறுப்பினர்களைத்தான் தேர்ந்தெடுப்பாங்க, தலைவரை உறுப்பினர்கள் முடிவு பண்ணுவாங்க. ஒரே மாதிரி கிராமம், ஒரே மாதிரி ராகிக் கொல்லை, தேர்தல் முறை மட்டும் வேற.

நம்ம வயசுக்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. எம்.எல்.ஏ., எம்.பி. ஆக 25 வயசு ஆகணும். உள்ளாட்சியில் நிக்க 21 போதும். 2020 ஜனவரியில் நம்ம மாவட்டத்திலேயே, சூளகிரி பக்கம் காட்டிநாயக்கன்தொட்டி ஊராட்சியில் 21 வயசு கல்லூரி மாணவி ஒருத்தர் தலைவரா ஜெயிச்சார். அதாவது பைனல் இயர் படிக்கிற ஒருத்தர், செமஸ்டர் எழுதிக்கிட்டே ஒரு ஊருக்குத் தண்ணி விடுற பொறுப்பையும் எடுத்துக்க முடியும். படிப்புத் தகுதி எதுவும் கேட்க மாட்டாங்க. பூட்டானில் நாடாளுமன்றத்துக்கு நிக்க டிகிரி வேணும், நம்ம நாட்டு நாடாளுமன்றத்துக்கு அந்த விதி கிடையாது.

"இந்த ஊரில் பெண்கள் மட்டும்தான் நிக்கலாம்னு ஏன்?"

இதையும் நிறைய பேர் கேட்டாங்க. 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்த 73-வது திருத்தம், உள்ளாட்சிப் பதவிகளில் மூணில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கினது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி ஒதுக்கீடு உண்டு. தலைவர் பதவிக்கான ஒதுக்கீடு ஊருக்கு ஊர் சுழற்சியில் மாறும்.

இது ஏதோ சலுகைன்னு நினைக்கிறவங்களுக்கு மேலவளவைச் சொல்லணும். மதுரை மாவட்டத்தில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பை மீறி ஜெயிச்ச தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30-ல் கூட இருந்தவர்களோட வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கீட்டை ஏத்துக்காததால 2006 வரைக்கும் ஒழுங்கா தேர்தலே நடத்த முடியலை. ஒரு கிராமத்துத் தலைவர் நாற்காலிக்கு உயிரையே எடுக்கிற அளவுக்கு எதிர்ப்புன்னா, அந்த நாற்காலி எவ்வளவு முக்கியமானதுன்னு புரிஞ்சுக்கலாம்.

தேர்தல் நடக்கலைன்னா என்ன ஆகும்?

எம்.பி. தேர்தலோ எம்.எல்.ஏ. தேர்தலோ ஒரு மாசம் தள்ளிப் போனாலும் டி.வி.யில் நாள் முழுக்க அதே பேச்சா இருக்கும். ஊர்த் தேர்தல் வருஷக்கணக்கில் நடக்காம இருந்தாலும் சத்தமே வராது.

உள்ளாட்சியின் ஆயுள் 5 வருஷம், அது முடியுறதுக்குள்ள அடுத்த தேர்தலை முடிக்கணும்னு அரசியலமைப்பே சொல்லுது. நடந்தது வேற. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், இட ஒதுக்கீட்டில் சிக்கல்னு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, வார்டு மறுவரையறை, வழக்குன்னு இழுத்து, 2019 டிசம்பரில்தான் கிராமப்புறத்துக்கு நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். இடையில் 3 வருஷத்துக்கு மேல தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லாததால மத்திய நிதிக்குழு மானியத்தில் பெரும் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படித் தேர்வானவங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிஞ்சது. அதுக்கப்புறம் நம்ம மாவட்டம் உட்பட அந்த ஊராட்சிகள் எல்லாம் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயிடுச்சு.

தனி அலுவலர்னா அரசு அதிகாரி. வேலை தெரிஞ்சவராத்தான் இருப்பார். ஆனா ஒருத்தர் பல ஊராட்சியைப் பார்ப்பார், உட்கார்ந்திருக்கிறது ஒன்றிய அலுவலகத்தில். குழாயில் தண்ணி வரலைன்னா காலையில் 6 மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. பிரசிடென்ட் வீட்டுக் கதவைத் தட்டலாம், அவருக்கு அடுத்த முறையும் நம்ம ஓட்டு வேணும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அதுதான் எல்லாமே.

நம்மைத் தாண்டின பெருமை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கு. பெங்களூரு மாநகராட்சி கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிஞ்சது. 2025 முடியுற வரைக்கும் அங்கே அடுத்த கவுன்சில் வரலை. நடுவில் மாநகராட்சியையே 5 மாநகராட்சியாப் பிரிச்சுட்டாங்க!

ஜவளகிரி வாக்காளரின் 6 ஓட்டைத் திரும்பப் பாருங்க. தள்ளிப் போறது எப்பவும் அந்த நாலு கலர் சீட்டுதான். வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டுதான் முதல்ல கைவிட்டுப் போகுது.

யாருக்கு ஓட்டு இல்லை?

இந்தியக் குடிமகனா இல்லாதவங்களுக்கு எந்தத் தேர்தலிலும் ஓட்டு இல்லை. எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும், வரி கட்டினாலும் கிடையாது. உலகம் முழுக்க இப்படித்தான்னு நினைக்க வேண்டாம். நம்ம சீனியர் ஒருத்தர் எம்.எஸ். படிக்க லண்டன் போனா, காமன்வெல்த் நாட்டுக் குடிமகன்ங்கிற முறையில் பதிவு பண்ணி அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு போடலாம். அங்கே இருந்து இங்கே படிக்க வர்றவருக்கு அந்த உரிமை இல்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்தும் ஓட்டு இல்லாதவங்க இருக்காங்க. தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழர்களில் பலர் அப்படி. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன்னு சட்டம் இருக்கிறதால, 2022-ல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமா சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்னிக்கு திருச்சியில் அவர் வாழ்க்கையில் முதல் முறையா ஓட்டு போட்டார். வயசு 38. நம்ம 18-ல் சும்மா கிடைக்குதுன்னு வெச்சிருக்கிற அட்டைக்கு அவர் 20 வருஷம் கூடக் காத்திருந்தார்.

வெளிநாட்டு நண்பர்கள் கவனிக்க

* பிரசாரத்தில் கலந்துக்காதீங்க. கூட்டத்தைப் பார்க்கணும்னா தள்ளி நின்னு பாருங்க. கொடி பிடிக்கிறது, துண்டு போட்டு போட்டோ எடுக்கிறது, நோட்டீஸ் கொடுக்கிறது எதுவும் வேண்டாம். 2019-ல் மேற்கு வங்கத்தில் பிரசாரம் பண்ணின வங்கதேச நடிகர் ஃபெர்டோஸ் அகமதுவின் விசா ரத்தாச்சு. அதே வருஷம் டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் படிச்ச ஜெர்மன் மாணவர் ஒருத்தர் போராட்டத்தில் கலந்துக்கிட்டதுக்காக நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு.
* தேர்தல் அறிவிச்ச நாளில் இருந்து நடத்தை விதி அமலுக்கு வரும். ஜூஜூவாடி மாதிரி எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பாங்க. 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கம் இருந்து அதுக்கு ஆவணம் இல்லைன்னா பணத்தைப் பிடிச்சு வெச்சுப்பாங்க. பெங்களூரில் இருந்து பீஸ் கட்டப் பணத்தோட வர்றவங்க வங்கி ரசீதையும் காலேஜ் பீஸ் சலானையும் கையோட வெச்சுக்குங்க. பிடிச்சாலும் ஆவணம் காட்டித் திரும்ப வாங்கலாம்.
* ஓட்டு நாள் அன்னிக்கு விடுமுறை. கடை, பஸ் குறைவா இருக்கும். வாக்குச்சாவடிப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம்.

ஹாஸ்டல்காரங்க கவனிக்க

18 வயசு முடிஞ்ச மாணவருக்கு ஒரு தேர்வு இருக்கு. வீட்டு முகவரியில் பேர் சேர்க்கலாம், இல்லைன்னா ஹாஸ்டல் முகவரியில் சேர்க்கலாம். ரெண்டு இடத்திலும் கூடாது, அது குற்றம். புதுசா சேர படிவம் 6, இடம் மாற படிவம் 8. ஹாஸ்டல் முகவரின்னா காலேஜ் கொடுக்கிற சான்று வேணும். 17 முடிஞ்சவங்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தா 1950-க்கு போன் பண்ணுங்க. 2025 நவம்பரில் தொடங்கின சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாப் படிவம் கொடுத்தாங்க. அப்ப ஊரில் இல்லாத ஹாஸ்டல் மாணவர்கள் பட்டியலில் பேர் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, "அம்மா பார்த்திருப்பாங்க"ன்னு விட்டுடாதீங்க.

எங்கே சேர்க்கிறதுங்கிறது சாதாரணக் கேள்வி இல்லை. உள்ளாட்சிக்கும் இதே பட்டியலில் இருந்துதான் வாக்காளர் பட்டியல் எடுப்பாங்க. ஹாஸ்டல் ஒரு ஊராட்சிக்குள் இருந்து, நீங்க அங்கே பேர் சேர்த்தா, உங்களுக்கும் 6 ஓட்டு. கிராம சபையில் உறுப்பினர். வருஷத்துக்கு 6 கிராம சபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை நேருக்கு நேர் கேட்கலாம்.

இதை மெஸ்ஸில் பேசினப்போ ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்க. "நம்ம படிப்பு 4 வருஷம், அவங்க பதவி 5 வருஷம். நம்ம போன பிறகும் அந்த ஊர்க்காரங்க அனுபவிக்கணும். சில நூறு ஓட்டு இருக்கிற வார்டில் ஒரு ஹாஸ்டலே போய்ப் போட்டா நியாயமா?"ன்னு ஒரு கட்சி. "அந்த ஊர்த் தண்ணியைத்தானே குடிக்கிறோம், அந்த ஊர் சாக்கடையில்தானே நம்ம கழிவும் போகுது. கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டிலும் நியாயம் இருக்கு. நம்ம ஊருக்கு வருஷத்தில் எத்தனை நாள் போறோம், படிச்சு முடிச்சுத் திரும்பப் போறது எங்கே, எந்த ஊர்ப் பிரச்சினை நமக்கு நல்லாத் தெரியும், இதை வெச்சு அவங்கவங்க முடிவு பண்ணிக்க வேண்டியதுதான். எந்த ஊர்னு முடிவு பண்ணாமலேயே 4 வருஷத்தை ஓட்டிடுறதுதான் தப்பு.

அந்த நண்பர் கேட்ட கேள்விக்கு இப்ப பதில் சொல்லிடலாம். டெல்லியில் இருக்கிற பிரசிடென்டைத் தேர்ந்தெடுக்கிறது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான், நமக்கு அதில் நேரடி ஓட்டு இல்லை. ஊர் பிரசிடென்டுக்கு மட்டும்தான் நாமளே நேரா ஓட்டு போடுறோம். அந்த நாற்காலி 2025 ஜனவரியில் காலியாச்சு. அது எப்ப நிரம்பும்னு இந்த சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு கேட்டு வர்ற எல்லாரிடமும் கேட்கலாம். அதுக்கு வாக்காளர் அட்டை கூடத் தேவையில்லை.